இதயம் போடுகிறார்கள், ஆர்டர் போடவில்லை: விற்பனை எழுத்தில் கோளாறு பார்க்கும் முறை

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் கருவாடு போடும் என் சித்திக்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு வாட்ஸ்அப் விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். “மன்னார் வளைகுடாவின் மடியில் விளைந்த பாரம்பரியச் சுவை” என்று தொடங்கும். எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. ஊர்க் குரூப், சொந்தக்காரர் குரூப், பள்ளிக்கூட நண்பர்கள் குரூப் என்று எல்லாவற்றிலும் போட்டோம். நாற்பது பேருக்கு மேல் இதயமும் கைதட்டலும் போட்டார்கள். விற்றது இரண்டு கிலோ. அதில் ஒரு கிலோ என் அத்தை வாங்கியது.

அப்புறம் ஒரு மாதம் வார்த்தைகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். மடியை எடுத்துவிட்டு அலையைப் போட்டேன், அலையை எடுத்துவிட்டு அம்மாவின் கைமணத்தைப் போட்டேன். வல்லம் என்கிற மீன்பிடிப் படகு நகரவில்லை என்றால் டேங்கில் டீசல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். நான் வல்லத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இதை யார் படிக்கப் போகிறார், படிக்கும் நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தக் கரையில் கருப்பட்டி, தொதல் என்ற இனிப்பு, குண்டு மிளகாய், தங்கும் அறை என்று பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறிகுறி ஆளுக்கு ஆள் மாறுகிறது. தோண்டிப் பார்த்தால், படிக்கிறவரைப் பற்றி ஏதோ ஒன்றைத் தப்பாக நினைத்து எழுதியிருக்கிறோம் என்பதில் வந்து நிற்கிறது. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் பார்த்துவிட்டுப் போங்கள்.

எழுத்தைத் தொடுவதற்கு முன்

விளம்பரத்தில் உள்ள எண் சரியா? அழைத்தால் யாராவது எடுக்கிறார்களா? கேட்கும் சரக்கு கையில் இருக்கிறதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் மாசி மாத விலையோடு உள்ள பழைய விளம்பரம் சுற்றிக்கொண்டிருந்தால், அது எழுத்தின் குற்றமில்லை. பாக்கெட்டில் உணவு உரிமத்தின் 14 இலக்க எண் இல்லாததால் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அதுவும் அப்படித்தான்.

இதெல்லாம் சரி என்றால், விசாரித்து வந்த கடைசி முப்பது பேரின் உரையாடலைத் திறந்துகொண்டு உட்காருங்கள். முப்பது இல்லையென்றால் பத்து. ஒவ்வொருவரும் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாராட்டோடு நின்றவர், விலையோடு நின்றவர், ஒரு கேள்வி கேட்டு நின்றவர், வாங்கியவர், திரும்ப வாங்கியவர். எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அதுதான் உங்கள் அறிகுறி. இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். பலர் இதைச் செய்யாமல் நேராக ‘வேற மாதிரி எழுதிக் குடுங்க’ என்று வருகிறார்கள்.

அறிகுறி: பாராட்டு வருகிறது, ஆர்டர் வரவில்லை

என் சித்தி விஷயத்தில் நடந்தது இதுதான். இதயம் போட்ட நாற்பது பேரின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘இவர் கடைசியாகக் கருவாட்டுக்குக் காசு கொடுத்தது எப்போது, எங்கே’ என்று எழுதப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேருக்கு வீட்டுக் கூரையிலேயே கருவாடு காய்கிறது. மீதிப் பேருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் வரும். அவர்கள் பாராட்டியது ஊர்ப் பெருமையை. கருவாடு வாங்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை.

உங்கள் பட்டியலும் இப்படி இருந்தால் எழுத்தைத் திருத்திப் பயனில்லை, ஆளை மாற்ற வேண்டும். ஊரை விட்டுப் போய் சென்னையிலும் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கும் நம் ஆட்கள் ஒரு வகை. கடற்கரையே பார்க்காமல் வளர்ந்து, யார் வீட்டிலோ ஒரு நாள் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு சாப்பிட்டுவிட்டு ஆசைப்படுகிறவர் இன்னொரு வகை. முதல் வகைக்கு ருசியை வர்ணிக்க வேண்டாம், நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. எந்த மீன், எப்படிக் காயவைத்தது, எத்தனை கிராம், எப்போது வரும் என்றால் போதும். இரண்டாவது வகைக்கு ‘தலை கிள்ளிய நெத்திலி’ என்றால் ஒன்றும் புரியாது. எப்படி ஊறவைப்பது, எதில் போட்டுச் சமைப்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு வகையையும் ஒரே விளம்பரத்தில் அடைக்காதீர்கள். தெரிந்தவருக்குச் சலிப்பு வரும், தெரியாதவருக்குத் தலை சுற்றும். ‘18 முதல் 45 வயதுப் பெண்கள்’ என்று இலக்கு வாசகரை எழுதிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் சித்தி மகளும் அவள் மாமியாரும் அந்தக் கணக்கில் ஒரே ஆள். ஒருத்திக்குக் கருவாடு வாசமே ஆகாது.

அறிகுறி: ‘விலை?’ என்று கேட்கிறார்கள், சொன்னதும் காணாமல் போகிறார்கள்

விலை அதிகம் என்று உடனே குறைத்துவிடாதீர்கள். அவர் உங்கள் விலையை எதோடு வைத்துப் பார்க்கிறார் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

தங்கச்சிமடத்தில் ஒருவர் ‘சீலாக் கருவாடு’ என்று போட்டு, சென்னையிலிருந்து வந்த விசாரிப்பெல்லாம் விலையோடு நின்றது. நம் கரையில் சீலா என்றால் சென்னைக்காரர் சொல்லும் வஞ்சிரம். சென்னையில் சீலா என்றால் நாம் ஊளி என்று சொல்லும் மீன். அவர்கள் ஊளியை மனதில் வைத்துக்கொண்டு வஞ்சிரத்தின் விலையைக் கேட்டிருக்கிறார்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்? ‘வஞ்சிரக் கருவாடு (எங்கள் ஊரில் சீலா)’ என்று ஒரு சொல் மாற்றியதும் பேச்சு அதற்கு மேல் நகர்ந்தது. மீன் பெயர் நாற்பது மைலுக்கு ஒரு தரம் மாறும். உங்கள் நாக்கில் உள்ள பெயரை எழுதாதீர்கள், வாங்குபவர் மீன் கடையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார் என்று பாருங்கள்.

கருப்பட்டியில் இதே கோளாறு வேறு மாதிரி வரும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டிக்கு ஒருவர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். காலையும் மாலையும் மரம் ஏறுவது, பாளை சீவுவது, பதநீர் காய்ச்சும் அடுப்புச் சூடு என்று பாதிப் பக்கத்துக்கு உழைப்பின் கதை. எல்லாம் உண்மை. படிக்கிறவருக்கு மனம் இளகியிருக்கும். ஆனால் அவர் கேட்க நினைத்தது ‘எங்க தெருக் கடையில் இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே’ என்பது. அந்தப் பாதி விலைக் கருப்பட்டியில் சீனி கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கே உண்டு. உங்களுடையதில் கலப்பில்லை என்று அவர் எப்படி நம்புவது? அதற்குப் பதில் சொன்னால் விலைக்கும் பதில் சொன்னதாகிவிடும். காய்ச்சும் இடத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ, எந்த ஊரில் எந்த மாதம் காய்ச்சியது என்ற ஒரு வரி, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்ற இன்னொரு வரி.

ஒரு சொந்த அபிப்பிராயம். ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று எழுதுவதை விடுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்காமலே போய்விடுவார். எடை, விலை, கூரியர் செலவு மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

அறிகுறி: எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்

இதை நல்ல அறிகுறி என்றே சொல்வேன். வாசகர் தானாக வந்து தன் மனதைத் திறந்து காட்டுகிறார்.

ராமேஸ்வரத்தில் அறை வாடகைக்கு விடும் ஒருவரின் விளம்பரத்தில் ஏசி, வைஃபை, கடல் தெரியும் பால்கனி எல்லாம் இருந்தன. வந்த அழைப்புகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் வேறு. கோயிலுக்கு நடந்து போகலாமா? தரைத்தளத்தில் அறை உண்டா? ஈரத் துணியோடு உள்ளே வரலாமா? விடியற்காலை வந்தால் அறை தருவீர்களா?

இந்த நான்கு கேள்வியையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரு ஆள் தெரிவார். வயதான அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வரும் மகனோ மகளோ. அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் நனைந்து, நடுங்கிக்கொண்டே நடந்து வரும் அம்மாவைச் சீக்கிரம் ஒரு காய்ந்த இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் அவருக்குள்ள கவலை. வைஃபை அவருக்கு எதற்கு? விளம்பரத்தின் முதல் இரண்டு வரியை இப்படி மாற்றினோம்: ‘தரைத்தளத்தில் அறை உண்டு, படி ஏற வேண்டாம். தீர்த்தமாடி ஈரத்தோடு வரலாம், வெந்நீர் தயாராக இருக்கும்.’ கடல் தெரியும் பால்கனி கடைசி வரிக்குப் போனது. அடுத்து வந்த அழைப்புகளில் இந்தக் கேள்விகள் இல்லை, தேதி மட்டும்தான் கேட்டார்கள்.

அதே விளம்பரத்தில் இன்னொரு பழைய வரியும் ஒட்டிக்கொண்டிருந்தது: ‘மண்டபத்தில் இறங்கி ஆட்டோவில் வரவும்.’ 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்ட பிறகு எழுதியது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வந்துவிட்டது. வரி மட்டும் மாறவில்லை. ‘ரயில் அங்க வராதா சார்?’ என்று ஆள் ஆளாகக் கேட்டபோதும் பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். எந்தக் கேள்வி மூன்று முறை வருகிறதோ அதன் பதில் விளம்பரத்தில் ஏற வேண்டும்.

சில கேள்விகளைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ‘வாசம் ரொம்ப வருமா?’ என்று கேட்கும் அடுக்குமாடிக்காரருக்குக் கருவாட்டு வாசம் பிடிக்காமல் இல்லை, பிடித்துத்தான் வாங்க வருகிறார். எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவாரே என்ற பயம். ‘எங்கள் கருவாடு நறுமணமானது’ என்று பதில் எழுதினால் சிரிப்பார். இரண்டு உறையில் போட்டு ஒட்டியிருக்கிறோம் என்றால் வாங்குவார்.

அறிகுறி: சாப்பிடுகிறவருக்கு எழுதினோம், காசு கொடுப்பவர் வேறு ஆள்

கீழக்கரைத் தொதலுக்கு எழுதும்போது இதில் மாட்டினேன். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, கிண்டக் கிண்ட எண்ணெய் பிரியும் பதம் என்று ருசியை இழைத்து இழைத்து எழுதினேன். விற்பவர் படித்துவிட்டு, “தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஆர்டர் போடுறது துபாய்ல இருக்க புள்ளைங்க. திங்கிறது சென்னைல இருக்க அவங்க உம்மா” என்றார்.

“அவங்க என்ன கேப்பாங்க காக்கா?” (கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.)

“எத்தனை நாள் தாங்கும், வீட்டு வாசல்ல கொண்டு குடுப்பீங்களா, குடுத்துட்டு போட்டோ அனுப்புவீங்களா. இவ்வளவுதான்.”

ஆக, தொதலைத் தின்கிறவர் ஒருவர், ஆர்டர் போட்டுவிட்டுத் தூரத்திலிருந்து கவலைப்படுகிறவர் ஒருவர். எழுத்து கவலைப்படுகிறவருக்குப் போக வேண்டும். உங்கள் விற்பனையில் இப்படி இரண்டு ஆள் உண்டா என்று பார்க்க எளிய வழி, பணம் வரும் பெயரையும் பார்சல் போகும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

அறிகுறி: வேண்டாத ஆட்கள் வருகிறார்கள்

வீட்டுக்கு விற்க நினைத்தால் வியாபாரி பேரம் பேச வருகிறார். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் நிறையப் பேர் விளம்பரத்தின் தலையில் அதைத்தான் போட்டார்கள். கடைக்காரருக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் அது பேசும். சாம்பாருக்கு நான்கு மிளகாய் தாளிக்கிறவருக்கு அது ஒரு முத்திரை, அவ்வளவுதான். ‘மொத்தமாகவும் கிடைக்கும்’ என்ற வரியை எடுத்துவிட்டு, கால் கிலோ பாக்கெட்டின் விலையைப் போட்டு, நீட்டு மிளகாய் பழகியவர் இதை எத்தனை போட வேண்டும் என்று எழுதினால் ஆள் மாறும். வியாபாரிதான் வேண்டும் என்றால் அப்படியே திருப்பிப் போடுங்கள்.

அறிகுறி: ஒரு முறை வாங்கியவர் திரும்ப வரவில்லை

இவர்கள் புகார் சொல்வதில்லை, அதுதான் தொல்லை. நீங்களாக அழைத்துக் கேட்க வேண்டும். ஒரு கருப்பட்டிக்காரர் அப்படிக் கேட்டபோது, “அடியில சேறு மாதிரி தங்குச்சுங்க” என்று ஒரே பதில் பலரிடமிருந்து வந்தது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். கரைத்தால் அடியில் கொஞ்சம் தங்கும், வடிகட்டிக்கொள்ள வேண்டும். நமக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. நகரத்து வாசகருக்கு அது கலப்படம். மழைக்காலத்தில் காற்று ஈரம் பட்டுக் கருப்பட்டி கசிவதும் அவருக்குக் கெட்டுப்போனதுதான். இரண்டையும் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டால், அதே கசண்டு அசல் என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

எந்த அறிகுறிக்கும் பொதுவான வேலை: கேட்பது

‘இப்படி ஒன்று போட்டால் வாங்குவீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஆட்களுக்கு முகத்துக்கு நேராக மறுக்க வராது. ‘கண்டிப்பா வாங்குறேன் தம்பி’ என்பார்கள், அது மரியாதைக்குச் சொல்வது. நடந்து முடிந்ததைக் கேளுங்கள். கோவையில் ஒரு அக்காவிடம் நான் போனில் கேட்டது இது.

“கடைசியாக் கருவாடு எப்பக்கா வாங்குனீங்க?”

“பொங்கலுக்கு முன்னாடிங்க தம்பி. சந்தையில.”

“எப்படி இருந்துச்சு?”

“எங்கீங்க, பாதியக் கொட்டிட்டேன். மண்ணுங்க. நாலு தண்ணி கழுவியும் பல்லுல நறநறங்குது.”

அந்த ‘நறநற’ இருக்கிறதே, அதை நான் மேஜையில் உட்கார்ந்து எத்தனை வருடம் யோசித்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ‘சுகாதாரமான முறையில் தயாரிக்கப்பட்டது’ என்றுதான் எழுதியிருப்பேன். அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே நோட்டில் இறக்குங்கள், இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள். வாங்கியவர் ஐந்து பேர், விசாரித்துவிட்டு வாங்காதவர் மூன்று பேர் கிடைத்தால் போதும். வாங்காத மூன்று பேர்தான் அதிகம் சொல்லித் தருவார்கள்.

போனில் பேசக் கூச்சமாக இருந்தால், கூடை சுமந்து தெருத்தெருவாகக் கருவாடு விற்கும் அம்மாக்களுக்குப் பின்னால் ஒரு காலை நேரம் நடந்து பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் ‘சூடை இருக்கு’ என்பார், அடுத்த வீட்டில் மீன் பேச்சையே எடுக்காமல் ‘மருமக ஊருக்குப் போயிட்டாளா?’ என்று தொடங்குவார். எந்த வீட்டில் யார் சமைப்பது, எந்த வீட்டில் எப்போது கையில் காசு இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். நாம் நோட்டுப் போட்டுப் பிடிக்கப் பார்ப்பது அதைத்தான்.

ஒன்று மட்டும். கோவை அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு ‘மண் இருக்காது’ என்று உடனே எழுதிவிட முடியவில்லை. சித்தி அப்போது மணலில் விரித்துத்தான் காயவைத்துக்கொண்டிருந்தார். முதலில் நான்கு கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டிப் பரண் போட்டோம். அதன் பிறகுதான் விளம்பரம் மாறியது. இப்போது அவர் அனுப்புவது இது:

‘நெத்திலிக் கருவாடு. வலைப் பரணில் காயவைத்தது, பல்லில் மண் நறநறக்காது. தலை கிள்ளியது. அரைக் கிலோ 350 ரூபாய், கூரியர் சேர்த்து. இரண்டு உறையில் ஒட்டி வரும், பக்கத்து வீட்டுக்கு வாசம் போகாது. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு அலசிச் சமைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் கேட்காதீர்கள், வெயில் இருக்காது, போட மாட்டோம்.’

கடைசி வரி நான் எழுதியதில்லை. விற்பனை விளம்பரத்தில் ‘கேட்காதீர்கள்’ என்று எழுதலாமா என்று நான் இழுத்தபோது, “நீ போடு, சொல்றேன்” என்றார் சித்தி. புரட்டாசி பிறந்ததும் அரைக் கிலோ வாங்குகிறவர்கள் இரண்டு கிலோவாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.